என் ரேங்க் எந்த நோடில் ஓடுகிறது? எம்.பி.ஐ நிரல் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

நான்கு கணினிகளில் 32 ப்ராசஸ்கள் ஓடுகின்றன. 31 ப்ராசஸ்கள் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கின்றன; ரேங்க் 17 மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அது எந்தக் கணினியில் ஓடுகிறது? "ஒரு கணினிக்கு 8 ப்ராசஸ், 17-ஐ 8-ஆல் வகுத்தால் 2, ஆகவே மூன்றாவது கணினி" என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பல நாள் அந்தக் கணக்குச் சரியாகவே வந்துவிடும். தப்பும் நாளில்தான் ஒரு வாரம் வீணாகும். ரேங்க் என்பது, ப்ராசஸ்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் எம்.பி.ஐ நூலகம் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கொடுக்கும் வெறும் வரிசை எண். இடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இடத்தை ப்ராசஸிடமே கேட்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டதை இன்னொரு வழியில் சரிபார்க்கவும் வேண்டும்.

அழைப்புகளின் (நூலகச் செயற்கூறுகளின்) பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். எம்.பி.ஐ அழைப்புகளை நிரலில் எழுதும்போது சொற்களுக்கு இடையே அடிக்கோடு வரும்.

## தொடங்கும் முன் வேண்டியவை

எம்.பி.ஐ 3.0 தரத்தை ஆதரிக்கும் நூலகம் வேண்டும். அந்தத் தரம் 2012-இல் வந்தது. இன்று கிடைக்கும் ஓப்பன் எம்.பி.ஐ, எம்.பி.ஐ.சி.எச், இன்டெல் எம்.பி.ஐ எல்லாம் அதைத் தாண்டிவிட்டன. லினக்ஸ் இயங்கும் கணினிகள் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்லர்ம் போன்ற வேலை வரிசை மென்பொருள் இல்லாத சொந்தக் கிளஸ்டர் என்றால், எல்லாக் கணினிகளுக்கும் கடவுச்சொல் கேட்காத எஸ்.எஸ்.எச் இணைப்பு இருக்க வேண்டும். நிரல் எல்லாக் கணினிகளிலும் ஒரே பாதையில் இருக்க வேண்டும்.

எச்.டபிள்யூ.லாக் என்ற தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஏழாவது படியில் அது இல்லாமல் கை ஒடிந்ததுபோல் இருக்கும்.

## 1. "நோடு" என்று எதைச் சொல்கிறீர்கள்?

முதலில் இதைத் தீர்மானிக்காவிட்டால், பின்னால் கிடைக்கும் விடை சரியா தவறா என்றே தெரியாது. நோடு என்பது சிலருக்குத் தனிப் பெட்டி. சிலருக்கு ஒரே இயக்குதளம் ஆளும் பகுதி. சிலருக்கு நினைவகத்தைப் பகிரக்கூடிய ப்ராசஸ்களின் கூட்டம். உள்ளே போனால் சாக்கெட் (ப்ராசஸர் சில்லு), நூமா பகுதி (சில கோர்களும் அவற்றுக்கு அருகில் உள்ள நினைவகமும்), கோர், வன்பொருள் த்ரெட் என்று அடுக்கடுக்காக இருக்கும். நூமா பகுதியையும் லினக்ஸ் கருவிகள் "நோடு" என்றே அழைப்பது கூடுதல் குழப்பம்.

இந்தக் கட்டுரையில் நோடு என்பது ஒரே இயக்குதளக் கர்னல் ஓடும் கணினி. அதற்குக் கீழே உள்ளதை அந்தந்தப் பெயரால் சொல்கிறேன்.

திருச்சி என்.ஐ.டி-யில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பரம் பொருள் என்று பெயர். பரம்பொருள் எங்கும் நிறைந்தது என்பார்கள். அதில் ஓடும் ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரு நோடில்தான் இருக்கும்.

## 2. நிரலைத் தொடாமல் ஒரு சோதனை

உங்கள் நிரலை ஓட்டுவதற்கு முன், அதே கட்டளையில் நிரலின் பெயருக்குப் பதிலாக "ஹோஸ்ட்நேம்" என்று போட்டு ஓட்டுங்கள். எம்.பி.ஐ-ரன் கட்டளைக்கு எம்.பி.ஐ தெரியாத சாதாரண நிரலையும் பல கணினிகளில் தொடங்கத் தெரியும். ஸ்லர்ம் என்றால் எஸ்ரன் கட்டளையுடன் "லேபிள்" தெரிவைச் சேருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பணி எண் வந்துவிடும்.

ஏன் இதை முதலில் செய்ய வேண்டும்? பங்கீடே தவறு என்றால், அது உங்கள் நிரலின் குற்றம் அன்று என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நான்கு பெயர்கள் எட்டெட்டு முறை வர வேண்டிய இடத்தில் ஒரே பெயர் 32 முறை வந்தால், ஹோஸ்ட் பட்டியல் கோப்பைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். அல்லது வேலை வரிசைக்குள் நுழையாமல், எல்லோரும் உள்நுழையும் லாகின் நோடிலேயே ஓட்டியிருப்பீர்கள். இரண்டாவது தவறைப் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிறார்கள். லாகின் நோடு எல்லோருக்கும் பொது. அங்கே 32 ப்ராசஸ் ஓட்டினால் நிர்வாகியிடமிருந்து கடிதம் வரும்.

## 3. நிரலுக்குள் பெயரைக் கேட்பது

இதற்கான அழைப்பு "எம்.பி.ஐ கெட் ப்ராசஸர் நேம்". பெயரில் ப்ராசஸர் என்று இருந்தாலும், பெரும்பாலான நூலகங்கள் கணினியின் ஹோஸ்ட்நேமைத்தான் திருப்பித் தருகின்றன. கோர் எண்ணை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். வரிசை இதுதான்.

முதலில் எம்.பி.ஐ இனிட். அதற்கு முன் இந்த அழைப்பைக் கூப்பிடக் கூடாது. சில நூலகங்களில் தற்செயலாக வேலை செய்யும், வேறொன்றில் நிரல் செத்துவிடும்.

அடுத்தது பெயரை வாங்கிக்கொள்ளும் பஃபர். அதன் அளவு "எம்.பி.ஐ மேக்ஸ் ப்ராசஸர் நேம்" என்ற மாறிலி. அந்த இடத்தில் 20 என்றோ 64 என்றோ கையால் எண் போடாதீர்கள். ஓப்பன் எம்.பி.ஐ-யில் அது 256, எம்.பி.ஐ.சி.எச்-இல் 128. உங்கள் மடிக்கணினியின் பெயர் ஐந்து எழுத்தாக இருக்கலாம். கிளஸ்டரில் டொமைன் பெயரோடு சேர்ந்து நீளமாக வரும்போது பஃபர் வழிந்து பக்கத்து மாறியைக் கெடுக்கும். நிரல் அந்த இடத்தில் நிற்காது. எங்கோ தள்ளிப்போய் விழும்.

பஃபரைப் பயன்படுத்தும் முன் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்புங்கள். அடுத்த படியில் பஃபரை அப்படியே அனுப்பப் போகிறோம். குப்பை எழுத்துகள் கூடப் போனால் ஒப்பிடும்போது தொல்லை. ஃபோர்ட்ரானில் மீதி இடம் வெற்றிடக் குறிகளால் நிரம்பி வரும். அச்சிடும்போது வெட்டிக்கொள்ள வேண்டும். பைத்தானில் எம்.பி.ஐ-ஃபார்-பை பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, பெயர் நேராக ஸ்ட்ரிங்காகவே வரும்.

திரும்பி வரும் பெயரைப் பிரித்துப் பொருள் தேடாதீர்கள். "நோடு07 என்றால் ஏழாவது கணினி" என்று எண்ணை வெட்டியெடுத்துப் பயன்படுத்தும் நிரல், அடுத்த நிறுவனத்தின் கிளஸ்டரில் ஓடாது. பெயரின் வடிவத்தை எம்.பி.ஐ தரம் நூலகத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. வன்பொருளை அடையாளம் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படியில் எல்லா வரிகளிலும் "ரேங்க் 0, மொத்தம் 1" என்று வந்தால் மேலே போகாதீர்கள். ஒரு நூலகத்தோடு தொகுத்த நிரலை இன்னொரு நூலகத்தின் எம்.பி.ஐ-ரன் கொண்டு தொடங்கியிருக்கிறீர்கள். 32 தனித்தனி நிரல்கள் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன. பெயர்கள் மட்டும் சரியாக வரும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. "எம்.பி.ஐ கெட் லைப்ரரி வெர்ஷன்" அழைப்பின் விடையையும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள்.

## 4. ஒரே இடத்தில் திரட்டி அச்சிடுங்கள்

ஒவ்வொரு ரேங்கும் தானே அச்சிட்டால் வரிகள் முன்பின்னாக வரும். சில நேரம் ஒரு வரிக்குள் இன்னொரு வரி புகுந்துவிடும். இடையில் தடை போட்டு வரிசைப்படுத்தலாம் என்று முயல்வது வீண். எம்.பி.ஐ பேரியர் ப்ராசஸ்களைத்தான் ஒழுங்குபடுத்தும். திரைக்கு வந்து சேரும் எழுத்துகளை அதனால் ஒழுங்குபடுத்த முடியாது.

ஆகவே எல்லாப் பஃபர்களையும் எம்.பி.ஐ கேதர் மூலம் ரேங்க் 0-க்கு அனுப்பி, அங்கே ரேங்க் வரிசையில் அச்சிடுங்கள். உண்மையான நீளத்தை மட்டும் அனுப்பப் பார்த்து, நீளங்கள் மாறுபடுவதால் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. முழுப் பஃபரையும் அனுப்பிவிடுங்கள். 1024 ரேங்க், ஒவ்வொன்றுக்கும் 256 பைட் என்றாலும் மொத்தம் 262144 பைட்தான். இதில் சிக்கனம் தேவையில்லை.

## 5. ஒரே நோடில் இருப்பவர்களைக் குழுவாக்குதல்

பெயர் தெரிந்தபின் அடுத்து வரும் தேவை, "என்னோடு இதே நோடில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் நான் எத்தனையாவது?" என்பது. ஒரு நோடுக்கு ஒரு ப்ராசஸ் மட்டும் கோப்பைப் படிக்க வேண்டும், ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கான ஜி.பி.யு-வை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த விடையை நம்பித்தான் நடக்கின்றன.

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். எம்.பி.ஐ காம் ஸ்ப்ளிட் அழைப்புக்கு "நிறம்" என்று ஒரு முழு எண் வேண்டும். ஒரே நிறம் கொடுத்த ப்ராசஸ்கள் ஒரே குழுவில் சேரும். கையில் இருப்பதோ பெயர். உடனே பெயரின் எழுத்துக் குறியெண்களைக் கூட்டி நிறமாகக் கொடுக்கிறார்கள். நோடு12, நோடு21 இரண்டுக்கும் கூட்டுத்தொகை ஒன்றேதான்! இரண்டு கணினிகளின் ப்ராசஸ்கள் ஒரே குழுவில் சேர்ந்து, பகிர முடியாத நினைவகத்தைப் பகிர முயன்று விழும். நல்ல ஹாஷ் செயற்கூறு போட்டால் மோதல் அரிதாகும். ஆனால் அரிதாக வரும் பிழைதான் ஆய்வறிக்கை கொடுக்கும் முந்தின இரவில் வரும். போதாக்குறைக்கு, ஹாஷ் எதிர்மறை எண்ணாக வந்தால் நிறமாகவே ஏற்கப்படாது.

சரியான வழி "எம்.பி.ஐ காம் ஸ்ப்ளிட் டைப்" அழைப்பு. வகையாக "எம்.பி.ஐ காம் டைப் ஷேர்டு" என்று கொடுங்கள். நினைவகத்தைப் பகிரக்கூடிய ப்ராசஸ்கள் எல்லாம் ஒரு கம்யூனிக்கேட்டரில், அதாவது ஒரு ப்ராசஸ் குழுவில், வந்துவிடும். அதில் உங்கள் ரேங்க் எதுவோ அதுவே நோடுக்குள் உங்கள் எண். அதன் அளவே நோடில் உள்ள ப்ராசஸ்களின் எண்ணிக்கை. சாவி இடத்தில் பழைய ரேங்கைக் கொடுத்தால் வரிசை மாறாமல் இருக்கும்.

நோடுகளுக்கும் எண் வேண்டுமா? உள் ரேங்க் 0 ஆக உள்ளவர்களை மட்டும் இன்னொரு முறை காம் ஸ்ப்ளிட் மூலம் பிரியுங்கள்; மற்றவர்கள் நிறமாக "எம்.பி.ஐ அன்டிஃபைன்டு" கொடுக்கட்டும். தலைவர்களின் புதிய ரேங்க்தான் நோடு எண். அதை அந்தந்த நோடின் குழுவுக்குள் ப்ராட்காஸ்ட் செய்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பெயரை வைத்தே குழுவாக்கித் தீர வேண்டிய கட்டாயம் இருந்தால், ஆல்கேதர் மூலம் எல்லோர் பெயரையும் எல்லோரும் வாங்கி, தன் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் மிகச் சிறிய ரேங்கை நிறமாகக் கொடுங்கள். அதில் மோதல் வராது.

எம்.பி.ஐ இனிட்டுக்கு முன்பே உள் எண் வேண்டும் என்ற நிலையும் வரும், ஜி.பி.யு-வைத் தேர்ந்தெடுத்தபின் எம்.பி.ஐ-யைத் தொடங்க விரும்புவோர் உண்டு. அப்போது சூழல் மாறிகளைப் பார்க்கலாம். ஓப்பன் எம்.பி.ஐ-யில் "ஓ.எம்.பி.ஐ காம் வேர்ல்ட் லோக்கல் ரேங்க்", ஸ்லர்மில் "ஸ்லர்ம் லோக்கல் ஐடி". நூலகத்துக்கு நூலகம் பெயர் மாறுவதால், மாறி இல்லாவிட்டால் நிரல் சத்தம் போட்டு நிற்கும்படி எழுதுங்கள். இல்லாத மாறியைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டால் எல்லா ப்ராசஸும் முதல் ஜி.பி.யு-விலேயே போய் உட்காரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஸ்லர்மே ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஜி.பி.யு-வை மட்டும் காட்டும்படி அமைத்திருந்தால், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தெரிவது எண் 0 ஒன்றுதான். அங்கே உள் ரேங்க் 3 என்று எண் 3 சாதனத்தைக் கேட்டால் பிழை வரும். சாதன எண்ணிக்கையைக் கேட்டு, உள் ரேங்கை அதனால் வகுத்த மீதியை எடுங்கள்.

## 6. பெயர் பொய் சொல்லும் இடங்கள்

எட்டு ராஸ்பெர்ரி பை பலகைகளை அடுக்கி ஒரு சிறு கிளஸ்டர் கட்டினோம். ஒரு பலகையில் எல்லாவற்றையும் நிறுவி, அந்த எஸ்.டி கார்டை ஏழு பிரதி எடுத்தோம். எம்.பி.ஐ.சி.எச் ஓடியது, பட்டியல் கோப்பில் ஐ.பி முகவரிகள் சரியாக இருந்தன. ஆனால் எல்லா ரேங்கும் "ராஸ்பெர்ரிபை" என்றே பெயர் சொன்னது. ஒரே பலகையில்தான் எல்லாம் ஓடுகிறது என்று முடிவு கட்டி, இரண்டு மாணவர்கள் அரை நாள் பட்டியல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பலகைகளும் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தன. பிரதி எடுத்ததில் பெயரும் பிரதியாகியிருந்தது. ஹோஸ்ட்நேமை ஒவ்வொன்றிலும் மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது. அந்த அரை நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கன்டெய்னரில் நிலைமை தலைகீழ். டாக்கர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி ஹோஸ்ட்நேம் தருகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது கன்டெய்னர் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகள். ஒரே கணினியில் நான்கு கன்டெய்னர் ஓடினால் நான்கு நோடு போலத் தோன்றும். சூப்பர் கம்ப்யூட்டர்களில் அதிகம் காணும் அப்டெய்னர், இயல்பாகக் கணினியின் சொந்தப் பெயரையே உள்ளே காட்டும்.

பெயரை நம்பாமல் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி பூட் ஐடி. ப்ராக் கோப்பு அமைப்பில் சிஸ், கர்னல், ராண்டம் என்று இறங்கினால் கிடைக்கும் கோப்பு அது. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் கர்னல் உருவாக்கும் 36 எழுத்துக் குறி. எஸ்.டி கார்டைப் பிரதி எடுத்தாலும் அது பிரதியாகாது. ஒரே கர்னலில் ஓடும் கன்டெய்னர்கள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றாகவே இருக்கும். பெயரோடு அதையும் திரட்டி அச்சிடுங்கள். பெயர் ஒன்று, குறி வேறு என்றால் பிரதி எடுத்த கணினிகள். பெயர் வேறு, குறி ஒன்று என்றால் கன்டெய்னர்கள்.

இடிசி கோப்பகத்தில் உள்ள மெஷின் ஐடி இதற்கு உதவாது. அது வட்டில் எழுதி வைத்த குறி. கார்டோடு சேர்ந்து அதுவும் பிரதியாகிவிடும்.

மெய்நிகர் கணினிகளில் பூட் ஐடியும் கைகொடுக்காது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கர்னல் என்பதால், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு மெய்நிகர் கணினிகள் இரண்டு நோடுகளாகவே தெரியும். முதல் படியில் நாம் கொடுத்த வரையறைப்படி அது சரியான விடைதான்.

## 7. நோடுக்குள் எந்த கோர்?

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இந்த நொடியில் எந்த கோரில் ஓடுகிறது, எந்தெந்த கோர்களில் ஓட அனுமதி இருக்கிறது. முதலாவதற்கு "ஷெட் கெட் சி.பி.யு" என்ற லினக்ஸ் அழைப்பு. குறிப்பிட்ட கோரில் கட்டிப்போடாத ப்ராசஸ் என்றால் விடை கைக்கு வருவதற்குள் வேறு கோருக்குத் தாவியிருக்கலாம். இரண்டாவதற்கு "ஷெட் கெட் அஃபினிட்டி". அல்லது ப்ராக், செல்ஃப், ஸ்டேட்டஸ் கோப்பில் அனுமதிக்கப்பட்ட சி.பி.யு பட்டியல் வரி. இரண்டாவதை முதலில் பாருங்கள். 0 முதல் 63 வரை எல்லாம் அனுமதி என்றிருந்தால், முதல் கேள்வியின் விடைக்கு மதிப்பே இல்லை.

நிரலில் எழுதச் சோம்பலாக இருந்தால் ஓப்பன் எம்.பி.ஐ-யில் "ரிப்போர்ட் பைண்டிங்ஸ்" தெரிவு, ஸ்லர்மில் சி.பி.யு பைண்ட் தெரிவுக்கு "வெர்போஸ்" என்ற மதிப்பு. இரண்டு விபத்துகள் இதில் உடனே வெளிப்படும்.

ஒன்று: ஓப்பன் எம்.பி.ஐ இரண்டு ப்ராசஸ் வரை இயல்பாக ஒவ்வொன்றையும் ஒரு கோரில் கட்டிவிடும். ஒரு ப்ராசஸுக்குள் 8 ஓப்பன் எம்.பி (இது ஓப்பன் எம்.பி.ஐ அன்று; ஒரு ப்ராசஸை த்ரெட்களாகப் பிரிக்கும் முறை) த்ரெட் ஓட்டினால் எட்டும் ஒரே கோரில் நெருக்கியடிக்கும். "த்ரெட் கூட்டினால் வேகம் கூடவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான்.

இரண்டு: ஒரே நோடில் இரண்டு எம்.பி.ஐ-ரன் கட்டளைகளைத் தனித்தனியாகக் கொடுத்தால், ஒன்றுக்கு மற்றொன்று இருப்பது தெரியாமல் இரண்டுமே கோர் 0-இலிருந்து கட்டத் தொடங்கும். பாதிக் கோர்கள் சும்மா இருக்க, மீதிக் கோர்களில் இரட்டைச் சுமை.

எண்களை ஒப்பிடும்போது எந்த வகை எண் என்று பாருங்கள். எச்.டபிள்யூ.லாக் தொகுப்பில் வரும் எல்.எஸ்.டோப்போ கட்டளை, கருவி கொடுக்கும் வரிசை எண்ணையும், இயக்குதளம் கொடுக்கும் எண்ணையும் தனித்தனியாகக் காட்டும். ஷெட் கெட் சி.பி.யு தருவது இரண்டாவது வகை. 32 கோர், 64 வன்பொருள் த்ரெட் உள்ள கணினிகள் பலவற்றில் 0-இன் ஜோடி 1 இல்லை, 32. இதை ஊகிக்காமல் எல்.எஸ்.டோப்போ படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## 8. இடத்தை நீங்களே சொல்லுங்கள்

பார்க்கத் தெரிந்தபின் வைக்கவும் தெரிய வேண்டும். 4 நோடு, நோடுக்கு 8 இடம் என்றால், இடவாரியாக நிரப்பும்போது ரேங்க் 0 முதல் 7 வரை முதல் நோடில் இருக்கும். நோடுவாரியாகச் சுற்றிப் போட்டால் முதல் நோடில் 0, 4, 8, 12 என்று போகும். ரேங்க் 17 இப்போது இரண்டாம் நோடில். தொடக்கத்தில் சொன்ன வகுத்தல் கணக்கு விழும் இடம் இது. ஓப்பன் எம்.பி.ஐ-யில் "மேப் பை" தெரிவும், ஸ்லர்மில் "டிஸ்ட்ரிப்யூஷன்" தெரிவின் ப்ளாக், சைக்ளிக் மதிப்புகளும் இதைத் தீர்மானிக்கின்றன. இயல்பு நிலையை நம்பாமல் வெளிப்படையாக எழுதுங்கள். பதிப்பு மாறும்போது இயல்பு நிலையும் மாறலாம்.

## 9. மெதுவான நோடைப் பிடிப்பது

ஒவ்வொரு ரேங்கும் கணக்கிடும் நேரத்தையும் பேரியரில் காத்திருக்கும் நேரத்தையும் எம்.பி.ஐ டபிள்யூடைம் மூலம் தனித்தனியாக அளக்கட்டும். பெயர், பூட் ஐடி, கோர் எண்ணோடு இவற்றையும் திரட்டுங்கள். பேரியரில் அதிக நேரம் நிற்கும் ரேங்கைப் புதியவர்கள் குற்றவாளி என்கிறார்கள். அது சீக்கிரம் வந்து காத்திருக்கும் அப்பாவி. மிகக் குறைவாகக் காத்திருப்பதுதான் எல்லோரையும் காக்க வைப்பது.

அந்த ரேங்கின் நோடைக் குறித்துக்கொண்டு, பட்டியல் கோப்பில் நோடுகளின் வரிசையை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மந்தம் நோடின் பெயரோடு போனால் கோளாறு அந்தக் கணினியில்: வெப்பம், கெட்ட நினைவகச் சில்லு, பின்னால் ஓடும் வேறொருவரின் நிரல் என்று தேடலாம். அதுவரை ஸ்லர்மில் "எக்ஸ்க்ளூட்" தெரிவில் அந்தப் பெயரைக் கொடுத்து ஒதுக்கி வையுங்கள். மந்தம் நோடு மாறியும் ரேங்க் 17-ஐயே தொடர்ந்தால், கணினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ரேங்குக்கு நீங்கள் கொடுத்த தரவுப் பங்கைத் திறந்து பாருங்கள்.